நொடிக்கு நூற்றிருபத்தெட்டு

வெள்ளைப் பலகையில் ஆலோசகர் பச்சை மையால் 1000 என்று எழுதி, அடியில் இரண்டு கோடுகளும் இழுத்திருந்தார். என் லாத்தா எழுந்து போனார். துடைப்பான் பலகையின் ஓரத்திலேயே இருந்தது. அதை அவர் தொடவில்லை. துப்பட்டாவின் முனையைச் சுருட்டிப் பிடித்து அந்த எண்ணைச் சுத்தமாக அழித்தார். அதே இடத்தில் 128 என்று எழுதினார். கோடு எதுவும் இழுக்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தார். இது என்னம்மா, பஸ் நம்பரா என்று முதலாளி கேட்க, அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் லாத்தாவும் சிரிக்கவில்லை. தஞ்சாவூரில் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்து நடந்துகொண்டிருந்த சின்னக் கம்பெனி அது. லாத்தா அங்கே மென்பொருள் எழுதினார். அந்த மென்பொருள் ஏறிய பெட்டிகளை வயல்காட்டுக்குக் கொண்டுபோய்ப் பொருத்துவது என் வேலை.

எங்கள் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு ஒரே லாத்தா. போன வருடம் மவுத்தாகிவிட்டார். துக்கம் கேட்க வந்தவர்களில் பலர் ஒரே விஷயத்தைத்தான் வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள். நல்ல மூளை, கொஞ்சம் அனுசரித்துப் போயிருந்தால் எங்கேயோ போயிருப்பார் என்றார் ஒருவர். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற சுபாவம், பாவம் என்றார் இன்னொருவர். வீடு தேடி வந்தவர்களோடு சண்டை போடக் கூடாது என்று உம்மா என் கையை அழுத்திப் பிடித்திருந்ததால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது உம்மா பக்கத்தில் இல்லை, அதனால் எழுதுகிறேன். லாத்தா பிடித்த முயலுக்கு நான்கு கால்தான். பேசியவர்கள் யாரும் அந்த முயலையே பார்த்ததில்லை.

அந்த எண் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு சின்னக் கணினியாக இருந்தாலும் அதற்குள் மற்ற வேலைகளையெல்லாம் பகிர்ந்து கொடுக்கிற ஓர் அடிப்படை நிரல் உண்டு, கர்னல் என்பார்கள். அந்தக் கர்னலை ஒரு நொடிக்கு இத்தனை தடவை என்று தட்டி எழுப்பி, நேரம் நகர்ந்துவிட்டது, செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா பார் என்று சொல்ல ஓர் ஏற்பாடு வேண்டும். அந்தத் தட்டலுக்கு டைமர் இன்டரப்ட் என்று பெயர். எங்கள் அலுவலகத்தில் சுருக்கமாக டிக். நொடிக்கு எத்தனை டிக் என்பதைக் கர்னலை எழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு எத்தனை தடவை எட்டிப் பார்ப்பது என்கிற அதே பிரச்சினைதான். ஓயாமல் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தால் வேறு வேலை நடக்காது. பார்க்காமலே இருந்தால் பொங்கி வழிந்துவிடும். ஆயிரம் வைப்பவர்கள் உண்டு, நூறு வைப்பவர்கள் உண்டு, இடையில் ஏதாவது வைப்பவர்களும் உண்டு. எங்கே, எதற்கு என்பதைப் பொறுத்து எல்லாமே சரியாக இருக்கலாம். லாத்தா கேட்டதும் அதைத்தான்: எங்கே, எதற்கு?

எங்கே என்றால், கீழ்வேளூருக்குக் கிழக்கே போகிற ஒரு கிளை வாய்க்காலில். அதை நம்பிய விவசாயிகள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, மடைக்கு மடை ஒரு ஷட்டரும், அதைத் தானே திறந்து மூடுகிற ஒரு பெட்டியும் வைக்கச் சொல்லியிருந்தார்கள். தண்ணீர் குறைந்த காலத்தில் அங்கே முறைதான். தலைப்பு மதகை, அரசாங்கத்தின் மதகுக் காவலரான லஸ்கர் மாலை ஆறு மணிக்குத் திறப்பார், மறுநாள் உச்சிப்பொழுதில் மூடுவார். அதற்குள் மேலிருந்து கீழாக ஒவ்வொரு மடைக்கும் ஒரு நேரம். கடைமடைக்குக் காலை ஆறு மணியிலிருந்து மதகு மூடும் வரை. முறையை மீறி யாராவது ஷட்டரில் கை வைத்தால் அவருக்கு அந்தப் போகம் முழுக்கத் தண்ணீர் கிடையாது. பெட்டிகள் வருவதற்கு முன்பே இருந்த கட்டுப்பாடு இது. மண்வெட்டியும் கையுமாக வரப்பில் நின்று சண்டை போட்டு அலுத்துப்போனவர்கள் வைத்தது. அதில் தயவு தாட்சண்யம் கிடையாது. இன்னொரு வழக்கமும் உண்டு. முறைக் கணக்கில் நாள் பிறப்பது காலை ஆறு மணிக்கு. நள்ளிரவில் தேதி மாறுவதெல்லாம் காலண்டரோடு சரி.

பெட்டிகளுக்கான முதல் கர்னலை எழுதியது வேறொரு பொறியாளர். நொடிக்கு நூறு என்று வைத்துவிட்டு அவர் வெளிநாடு போய்விட்டார். பெட்டிக்குள் நேரம் காட்ட இருந்தது கைக்கடிகாரத்தில் இருக்கிற அதே வகைக் கிரிஸ்டல். அது நொடிக்கு 32768 தடவை துடிக்கும். இத்தனை துடிப்புக்கு ஒரு டிக் என்று எண்ணித்தான் நேரம் நகர்கிறது. 32768ஐ நூறால் வகுத்துப் பாருங்கள், மிச்சம் விழும். அரைகுறைத் துடிப்பைக் கிரிஸ்டலிடம் கேட்டு வாங்க முடியாது. ஆகவே ஒவ்வொரு டிக்கும் இம்மியளவு தாமதமாக வந்தது. நாளொன்றுக்கு ஒரு நிமிடமும் கொஞ்சமும்தான், யார் கண்ணிலும் படவில்லை. வாரக்கணக்கில் சேர்ந்ததும் அரை மணி ஆயிற்று. லஸ்கர் தன் கடிகாரத்தைப் பார்த்து மதகை நேரத்துக்குத் திறந்தார், நேரத்துக்கு மூடினார். பெட்டிகள் மட்டும் பிந்தின. மேல்மடைக்காரர்களுக்கு நேரம் தள்ளிப்போனதே தவிர அளவு குறையவில்லை. கடைமடைக்குத் திறப்பது தள்ளிப்போயிற்று, மதகு மூடுவது தள்ளிப்போகவில்லை. எல்லோருடைய தாமதமும் சேர்ந்து கடைசியில் நின்றவர் பங்கில் விழுந்தது.

கடைமடையிலிருந்து வந்த அந்தப் புகாரைப் பேசத்தான், லாத்தா பலகையில் எண்ணை அழித்த அன்றைய கூட்டம். ஆலோசகர் சென்னையிலிருந்து வந்திருந்தார். டிக்கை அதிகமாக்கினால் நேரம் இன்னும் நுணுக்கமாகும், போட்டிக் கம்பெனி ஆயிரம் என்று விளம்பரம் செய்கிறது, நாமும் ஆயிரம் என்றால் விற்பனைக்கும் எடுப்பாக இருக்கும் என்றார். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருந்தது. ஆயிரத்தால் வகுத்தால் மிச்சம் இன்னும் மோசம், ஒரு நாளிலேயே பத்து நிமிடம் பிந்திவிடும் என்று லாத்தா சொன்னார். தவிர, பெட்டி ஓடுவது சோலார் பேனலில். புரட்டாசியில் மேகம் மூடிக்கொண்டால் நாள்கணக்கில் வெயில் எட்டிப் பார்க்காத ஊரில், கர்னலைத் தூங்கவே விடாமல் எழுப்பிக்கொண்டிருந்தால் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? 32768 என்பது பாதி, பாதியில் பாதி என்று பிசிறில்லாமல் இறங்குகிற எண். எங்கள் வாப்பாவுக்கு நாகூரில் அரிசிக் கடை. லாத்தா சொன்ன விளக்கமும் அந்தக் கணக்குத்தான். "படியில பாதி அரைப்படி, அதுல பாதி உழக்கு, அதுல பாதி ஆழாக்கு. எங்கயும் ஒரு அரிசி மிச்சம் விழாது சார். இதுவும் அப்படித்தான். நூத்தி இருவத்தெட்டுன்னு வெச்சா மிச்சமே கிடையாது."

முதலாளிக்கு அந்த எண் பிடிக்கவில்லை. நூறு என்றால் யாருக்கும் புரியும், நூற்றிருபத்தெட்டு என்று சங்கத்தில் போய் எப்படிச் சொல்வது என்றார். சொல்லவே வேண்டாமே, தண்ணீர் நேரத்துக்கு வந்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்றார் லாத்தா. கடைசியில் ஆலோசகர் ஒரு நடுவழி கண்டுபிடித்தார். நூறு அப்படியே இருக்கட்டும், ஒரு நாளில் குறைகிற நேரத்தை அன்றன்றைக்கு மொத்தமாகச் சேர்த்துவிடலாம். மிச்சத்தைத் துளித்துளியாகச் சேர்க்கிற நல்ல முறைகளும் உண்டு, அதை லாத்தா மறுக்கவில்லை. மிச்சமே விழாத வழி கையில் இருக்கும்போது ஓட்டை போட்டுவிட்டு ஒட்டுப் போடுவானேன் என்பது அவர் கட்சி. அதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரியம்மா மகள் கல்யாணத்துக்காக நானும் லாத்தாவும் நாகூர் போயிருந்த நாட்களில், ஆலோசகரின் ஆட்கள் எழுதிய அந்த ஒட்டு, வேறோர் ஆள் மூலமாகப் பெட்டிகளில் ஏறிவிட்டது. கல்யாணம் முடிந்து வந்த அன்றே லாத்தா அதை வாசித்துவிட்டு, இதை உடனே எடுக்க வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னார். பார்க்கலாம் என்றார் முதலாளி.

பார்ப்பதற்குள் முறை நாள் வந்துவிட்டது. கடைமடை ஷட்டர் திறக்கவே இல்லை. அங்கே ஓர் அம்மா குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். கணவர் இல்லை. சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டிருந்தார். அது தண்ணீருக்குக் காத்து மஞ்சள் தட்டத் தொடங்கியிருந்தது. விடியும்போதே மடைக்கு வந்து நின்றவர், ஷட்டர் அசையாததைக் கண்டு சங்கத் தலைவருக்குப் போன் போட்டிருக்கிறார். அவர் எடுக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் ஒரு கம்பியால் பெட்டியின் மூடியை நெம்பி, உள்ளே தட்டியும் ஆட்டியும் பார்த்திருக்கிறார். வரப்பில் போன ஒருவர் கண்ணில் அது பட்டுவிட்டது. அவ்வளவுதான். பெட்டியைக் கெடுத்ததே அந்த அம்மாதான் என்றும், கட்டுப்பாட்டின்படி அவருக்கு இந்தப் போகம் தண்ணீர் கிடையாது என்றும் மதியத்துக்குள் ஊர் பேசத் தொடங்கிவிட்டது. சம்பா போனால் அவருக்கு அந்த வருடமே போன மாதிரி. குத்தகையும் கையை விட்டுப் போகும். முடிவெடுக்கச் சங்கம் கூட்டம் போட்டது.

எங்கள் முதலாளிக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. பெட்டியில் கோளாறு இல்லை, வெளியாள் கை வைத்ததால் கெட்டது என்று கம்பெனியிலிருந்து ஒருவர் போய்ச் சொல்லிவிட்டால் போதும். சங்கத்தில் லாத்தாவின் பேச்சுக்கு மதிப்பு இருந்தது, அதனால் அவரையே அனுப்ப நினைத்தார். மிரட்டவெல்லாம் இல்லை, தன்மையாகத்தான் பேசினார். கம்பெனி நிலைத்தால்தான் நம் எல்லோருக்கும் சோறு, ஓர் அம்மாவுக்கு ஒரு போகம் போனால் உலகம் முழுகிவிடாது, பின்னால் ஏதாவது பார்த்துச் செய்யலாம் என்றார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அதை இவ்வளவு மரியாதையான வார்த்தைகளில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. கூட்டம் எத்தனை மணிக்கு என்று மட்டும் லாத்தா கேட்டார். முதலாளி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். வெளியே வந்ததும், ஸ்டோரிலிருந்து அதே ஒட்டுப் போட்ட ஒரு பெட்டியையும் ஒரு சின்ன மோட்டாரையும் எடுத்து வண்டியில் வைக்கும்படி லாத்தா என்னிடம் சொன்னார்.

கூட்டம் சங்கத்தின் நெல் கிடங்கில் நடந்தது. முதலாளியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடைமடை அம்மா வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. லாத்தா பேச எழுந்ததும், நான் பெட்டியை மேசைமேல் வைத்து மோட்டாரைச் சேர்த்தேன். பேசுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் பாருங்கள் என்று மட்டும் லாத்தா சொல்லிவிட்டு, பெட்டியின் கடிகாரத்தைக் காலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் கொண்டுபோய் வைத்தார். ஆறு மணிக்கு மோட்டார் சுற்ற வேண்டும். பெரியவர்களும் நாற்காலியை விட்டு எழுந்துவந்து சுற்றி நின்றுகொண்டார்கள். சின்னத் திரையில் எண்கள் நகர்ந்தன. ஐந்து ஐம்பத்தெட்டு. ஐந்து ஐம்பத்தொன்பது. அடுத்து ஆறு ஒன்று. மோட்டார் அசையவில்லை. யாருக்கோ சந்தேகம் வந்து இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். லாத்தா வைத்தார். மறுபடியும் ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு அடுத்து ஆறு ஒன்றுதான் வந்தது.

பிறகுதான் விளக்கினார். ஒரு நாளில் குறைகிற நேரத்தை அந்த நாளின் கடைசி நிமிடத்தில் சேர்ப்பதாக ஒட்டை எழுதியிருந்தார்கள். முறைக் கணக்கில் நாள் முடிவது காலை ஆறு மணிக்கு என்று நாங்களேதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். அதை மதித்து, ஆறு மணிக்குச் சில நொடிகள் முன்பாக ஒன்றரை நிமிடத்தை மொத்தமாகப் போட்டுவிட்டார்கள். கடிகாரம் ஆறு மணியைத் தாண்டிக் குதித்துவிட்டது. ஆறு மணி வரட்டும் என்று காத்திருந்த பெட்டிக்கு ஆறு மணியே வரவில்லை. கடைமடைக்கு அடுத்திருந்த மேல்மடையின் ஷட்டர் அதே ஆறு மணிக்கு மூட வேண்டியது. அதுவும் மூடாமல் கடைமடைத் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது. அந்த மடைக்காரர் புகார் எதுவும் செய்யவில்லை. ஏன் செய்யப் போகிறார்? எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் நெல் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருந்தாலும் ஒருவர் விடவில்லை. சங்கத்தில் மூத்தவர், கட்டுப்பாட்டை எழுதியவர்களில் ஒருவர். காரணம் எதுவாக இருந்தாலும் கை வைத்தது வைத்ததுதானே, இன்றைக்கு ஒருவரை விட்டால் நாளைக்கு எல்லோரும் கை வைப்பார்கள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. லாத்தா குரலை உயர்த்தவே இல்லை.

"ஆறு மணிலேந்து தண்ணி யாருதுங்க? இவங்களுது. இவங்க முறையில, இவங்க ஷட்டர, இவங்க தொட்டாங்க. இதுல மீறுனது என்ன? மீறுனது எங்க பெட்டி. யாருக்காவது கட்டுப்பாடு போடணும்னா எங்க கம்பெனிக்குப் போடுங்க."

முதலாளி எழுந்து, என்னம்மா பேசுகிறாய், வெளியே வா என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். லாத்தா அவரைப் பார்த்து, இதைச் சொன்னதால் போகிற வேலை என்றால் அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அன்றைக்குப் போல என் லாத்தாவை நினைத்து நான் என்றைக்கும் பெருமைப்பட்டதில்லை. பிறகு, அந்த அம்மாவுக்கு முறை உண்டு என்றும், மேல்மடைக்காரர் தன் அடுத்த முறையில் பாதியைக் கடைமடைக்கு விட வேண்டும் என்றும் அந்த மூத்தவரே சொன்னார். நாற்றில் கொஞ்சம் பழுத்துப்போயிருந்தது, பெரும்பகுதி பிழைத்தது. அந்த அம்மா சம்பா நட்டார்.

லாத்தா மறுநாள் வேலைக்குப் போகவில்லை. கொஞ்ச நாளில் முதலாளியே போன் செய்தார். சங்கத்துக்காரர்கள் ஒரே பிடியாக நின்றுவிட்டார்களாம்: அந்தப் பெண் எழுதிக் கொடுத்தால் பெட்டிகள் இருக்கட்டும், இல்லாவிட்டால் கழற்றிக்கொண்டு போங்கள் என்று. வெளியிலிருந்தே எழுதித் தருகிறேன், எண்ணில் யாரும் கை வைக்கக் கூடாது என்று லாத்தா சொன்னார். நொடிக்கு நூற்றிருபத்தெட்டு என்று ஒவ்வொரு பெட்டியிலும் நான்தான் முழங்கால் சேற்றில் நின்று ஏற்றினேன். கிரிஸ்டலுக்கு வெயிலிலும் குளிரிலும் வருகிற சின்னத் தடுமாற்றம் உண்டு. போகத்துக்கு ஒரு தடவை பார்த்துச் சரி செய்தால் போதும். மற்றபடி பெட்டிகள் லஸ்கரின் கடிகாரத்தோடு சேர்ந்தே நடந்தன. மேகம் மூடிய நாட்களிலும் நிற்கவில்லை.

லாத்தாவுக்கு அதன்பின் பெரிய கம்பெனி எதிலும் வேலை அமையவில்லை. ஒத்துப்போகாதவர் என்கிற பேச்சு அவருக்கு முன்னால் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. நாகூர் வீட்டு மாடியில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கஷ்டப்படவில்லை என்று நான் சொல்லமாட்டேன். வருத்தப்படவில்லை என்பதைச் சத்தியம் செய்து சொல்வேன். எங்கேயோ போயிருப்பார் என்கிறார்களே, எங்கே? ஆலோசகர் போன இடத்துக்கா? அந்த நெல் கிடங்கைவிட உயர்ந்த இடம் ஒன்று இருந்தால் யாராவது எனக்குக் காட்டட்டும்.

போன மாதம் பழைய கம்பெனியிலிருந்து ஒரு விற்பனை அதிகாரி புது மாதிரிப் பெட்டியோடு சங்கத்துக்கு வந்தார். பழைய பெட்டிகளைப் பராமரிக்கிறவன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அழகான திரை, தொட்டால் வேலை செய்கிறது. உள்ளே நொடிக்கு ஆயிரம் டிக் என்று அவர் பெருமையாகச் சொன்னார். புதுப் பெட்டி நன்றாகவே இருக்கலாம். காலம் மாறிவிட்டது, கிரிஸ்டலும் பேட்டரியும் மாறிவிட்டன, கண்ணை மூடிக்கொண்டு குறை சொல்ல நான் வரவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கடைமடை அம்மா எழுந்தார். இப்போது அவர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறார்.

"ஆயிரமோ லட்சமோ இருக்கட்டும் தம்பி. ஆறு மணிக்குத் தொறக்கச் சொல்லி வைங்க."

கடிகாரத்தை முன்னால் நகர்த்தி இப்போதே காட்டிவிடலாம், காத்திருக்கத் தேவையில்லை என்று விற்பனை அதிகாரி சொன்னார். மாலை ஐந்து மணிகூட ஆகியிருக்கவில்லை.

"நகத்த வேணாம். நெசமாவே ஆறு மணி ஆவட்டும். பாத்துட்டு மத்ததப் பேசுவோம்."

சொல்லிவிட்டு அவர் பெட்டிக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்குக் கட்டுப்பாடு பேசிய மூத்தவர் தடியை ஊன்றி மெல்ல வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். விற்பனை அதிகாரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை; ரயிலுக்கு நேரமாகிறது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். லாத்தாவுக்கும் சேர்த்து நானும் உட்கார்ந்தேன்.